கோலமாவுல வரைஞ்ச வாட்டர் ஸ்லைடு

போன வருஷம் பொண்ணோட ஆறாவது பர்த்டேக்கு வாட்டர் ஸ்லைடு, அதாவது காத்து ஊதி நிக்க வைக்கற தண்ணி சறுக்கு, வாடகைக்கு எடுத்தேன். வந்துச்சு. வாசலோட திரும்பிப் போயிடுச்சு.

கதை இதுதான். நாங்க இருக்கறது டெக்சாஸ்ல, டல்லாஸுக்கு வடக்க ஃபிரிஸ்கோ. வீட்டுக்குப் பின்னாடி ஓரளவுக்கு எடம் இருக்கு, வெப்சைட்ல ஸ்லைடு சைஸ் 28 அடிக்கு 11 அடின்னு போட்டிருந்தான், நம்ம பேக்யார்டு 48 அடிக்கு 32 அடி, தாராளமா உக்காரும்னு கார்டை தட்டிட்டு தூங்கப் போயிட்டேன். சனிக்கிழமை காலைல ரெண்டு பசங்க டிரெய்லர்ல கொண்டு வந்தாங்க. சுருட்டி கட்டின ஸ்லைடு ஒரு பெரிய பாய் சுருட்டு மாதிரி, அகலமே நாப்பது இன்ச் இருக்கும், நானூறு பவுண்டுக்கு மேல வெயிட்டு, தள்ளுவண்டில ஏத்தி சைடு கேட்டுக்கு தள்ளிட்டு வந்தாங்க. கேட்டு பேருக்குத்தான் மூணு அடி, தூணும் தாழ்ப்பாளும் போக 34 இன்ச். சரி கேட்டை கழட்டிடலாம்னு கழட்டினா, அதுக்கு அந்தாண்ட நம்ம ஏசி யூனிட்டு சுவத்துக்கு வெளிய குந்திகிட்டு இருக்கு, அதுக்கும் வேலிக்கும் நடுவுல 26 இன்ச். அந்தப் பையன் டேப்பை சுருட்டி பாக்கெட்ல போட்டுகிட்டு 'சாரி சார்'னான், அவ்ளோதான். டெபாசிட்டு கோவிந்தா. பதினஞ்சு புள்ளைங்க, ஒரு கார்டன் ஹோஸ். அதை வச்சே ரெண்டு மணி நேரம் ஓட்டினோம். என் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் அதை மன்னிக்கல.

கம்பெனி மேல தப்பு சொல்ல மாட்டேன், புக் பண்றப்ப 'கேட்டு எவ்ளோ அகலம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு, நான்தான் யோசிக்காம 48 இன்ச்னு அடிச்சு விட்டேன்.

இந்த வருஷம் என் வைஃபோட அப்பா அம்மா சென்னைல இருந்து ஆறு மாச விசிட்டுக்கு வந்திருந்தாங்க. மாமா பிடபிள்யூடில ஓவர்சியரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட வாயத் தொறந்து 'மாமா இந்த தடவையும் அந்த ஸ்லைடு வைக்கலாம்னு இருக்கேன்'னு சொன்னதுதான் தாமதம், 'சைட் பிளான் எங்க மாப்ள'ன்னு கேட்டாரு. பிளானா? பர்த்டேக்கா? 'எத்தன அடி, எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால், தண்ணி எங்க போகும், கரண்டு எங்கேர்ந்து வரும், ஒண்ணும் இல்லாம எப்படி புக் பண்ணுவீங்க?' சிரிச்சுகிட்டே கேட்டாரு, ஆனா சிரிப்பு இல்ல அது.

மறுநாள் காலைல நான் காபியோட வெளிய வந்து பாக்கறேன், மாமா வேட்டிய மடிச்சு கட்டிகிட்டு டேப்பும் சணல் கயிறும் வச்சுகிட்டு புல்லுல நிக்கறாரு, கைல அத்தையோட கோலமாவு டப்பா. ஸ்லைடு சைஸை புல்லு மேல அப்படியே கோடு போடறாரு. அத்தை கிச்சன் ஜன்னல் வழியா 'அது நான் மெட்ராஸ்லேர்ந்து கொண்டு வந்த மாவுங்க, இங்க கெடைக்காது'ங்கறாங்க, இவரு 'கோலந்தான்டி போடறேன்'ங்கறாரு.

உண்மைய சொல்லணும்னா அந்த கோடுதான் என் கண்ணைத் தொறந்துச்சு. நான் முதல்ல ஆசைப்பட்டது 18 அடி ஒசரம், 34 அடி நீளம் இருக்கற பெரிய ஸ்லைடு. ஸ்க்ரீன்ல பாக்கறப்ப 34, 48க்குள்ள அடங்கிடும், கணக்கு சரி. ஆனா வெப்சைட்ல போடற அளவு ஸ்லைடோட ஒடம்பு மட்டும்தான். அதுக்குப் பின்னாடி காத்து ஊதற ப்ளோயரும் அதோட குழாயும் ஒரு அஞ்சு அடி எடுத்துக்கும். முன்னாடி புள்ளைங்க சறுக்கி வந்து எழுந்து ஓட குறைஞ்சது ஏழு எட்டு அடி வெத்து எடம் வேணும், அங்க வேலி இருந்தா நேரா போய் மூஞ்சில இடிச்சுக்கும். ரெண்டு பக்கமும் கயிறு கட்டி ஆணி அடிக்கணும், நடந்து போகணும், பக்கத்துக்கு அஞ்சு அடி. ஆக 28 அடி ஸ்லைடே 41 அடி கேக்குது, 11 அடி அகலம் 21 அடி ஆகுது. 34 அடி ஸ்லைடுக்கு கோடு போட்டா தலை போய் மூலைல இருக்கற ஓக் மரத்துக்கு அடில நொழையுது. மாமா கோடு போட்டு முடிச்சுட்டு ஒண்ணுமே பேசாம என்னைப் பாத்தாரு. நான் போனை எடுத்து 15 அடி ஒசர ஸ்லைடுக்கு மாத்தினேன். அதோட நீளம் பழைய 28 தான்.

மரம்னதும் இன்னொண்ணு. கீழ எடம் இருக்கான்னு பாக்கறோம், மேல பாக்கறதில்ல. பில்டர் நட்டுட்டுப் போன ஓக் மரம் இப்ப நல்லா வளந்திருக்கு, ஒரு கிளை சரியா பதினாலு அடில நீட்டிகிட்டு இருக்கு, மாமா பெயின்ட் ரோலர் கம்பை நீட்டி அளந்தாரு. 15 அடி ஸ்லைடு ஊதி நிக்கறப்ப அதுக்கு மேலயும் நாலஞ்சு அடி காலியா இருக்கணும். கரண்டு ஒயர் மேல போற வீடா இருந்தா அந்தப் பக்கமே போகக் கூடாது, எங்க ஏரியால எல்லாம் மண்ணுக்குள்ள போகுது.

மண்ணுக்குள்ள போறதுதான் அடுத்த தலைவலி. ஆணின்னா ஏதோ படம் மாட்டற ஆணி இல்ல, ரெண்டு மூணு அடி நீள இரும்பு முளை, சம்மட்டியால அடிச்சு எறக்குவாங்க. கீழ கேஸ் பைப்பு இருந்தா? இங்க 811னு ஒரு நம்பர், தோண்டறதுக்கு ரெண்டு வேலை நாளுக்கு முன்னாடி கூப்பிட்டு சொன்னா ஃப்ரீயா ஆள் வந்து தரைல கலர் அடிச்சு சின்ன கொடி நட்டுட்டு போவாங்க. கரண்டுக்கு செவப்பு, கேஸுக்கு மஞ்சள், ஃபோன் கேபிள் இன்டர்நெட்டுக்கு ஆரஞ்சு, குடிதண்ணிக்கு நீலம், சாக்கடைக்கு பச்சை. மாமா இந்த கொடிங்கள பாத்துட்டு சொக்கிப் போயிட்டாரு. 'நாங்க ரோடு தோண்டினா முதல்ல ஃபோன் கேபிளை அறுத்துட்டுதான் மாப்ள அது எங்க இருக்குன்னே கண்டுபிடிப்போம்'னாரு. நம்ம தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் பைப்பை மட்டும் இவங்க காட்ட மாட்டாங்க, அது நம்ம சொந்த சொத்து, நம்ம பொறுப்பு. ஆழமாவும் போகாது, ஒரு அடிக்குள்ளதான் இருக்கும். பக்கத்து ஊரு பிளேனோல ஒரு ஃப்ரெண்டு வீட்ல இப்படித்தான் முளை குத்தி, பார்ட்டி அன்னிக்கு ஒண்ணும் தெரியல, மறுவாரம் ஸ்பிரிங்க்ளர் ஆன் ஆனதும் நடு புல்லுல நீரூத்து. நாங்க என்ன பண்ணோம்னா ஒவ்வொரு ஜோனா ஓட விட்டு, தண்ணி பீச்சற எடத்துல எல்லாம் பிளாஸ்டிக் ஸ்பூனை தலைகீழா குத்தி வச்சோம். ஸ்பூனுக்கு ஸ்பூன் நேர்கோடு போட்டா பைப்பு ஏறக்குறைய அந்த வழிதான் போகும், அந்தக் கோட்டுலேர்ந்து ரெண்டு அடி தள்ளி முளை அடிக்கச் சொல்லணும். கோலமாவு கோடு, கலர் கொடி, வெள்ளை ஸ்பூனு, எங்க பேக்யார்டைப் பாத்து பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல எட்டி 'எவ்ரிதிங் ஓகே?'ன்னு கேட்டாரு.

சாய்மானம். டெக்சாஸ்ல வீட்டு அஸ்திவாரத்துக்கு தண்ணி வரக் கூடாதுன்னு வீட்டை ஒட்டின முதல் பத்து அடிக்குள்ள ஆறு இன்ச் இறக்கி விட்டிருப்பாங்க, கண்ணுக்கு தெரியாது, மாமா கயிறைக் கட்டி லெவல் பாத்தப்பதான் தெரிஞ்சுது. ஸ்லைடை அந்த சரிவுல குறுக்க வச்சா மேல நிக்கற புள்ளைங்க ஒரு பக்கமா சாயும். அதனால வீட்டுலேர்ந்து பத்து அடி தள்ளித்தான் ஆரம்பிக்கணும். 32ல பத்து போச்சுன்னா 22, நமக்கு வேண்டியது 21. ஒரு அடி மிச்சம்! மாமாவுக்கு அந்த ஒரு அடில இருந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே.

எந்தப் பக்கம் தலை வைக்கறதுங்கறதுல மட்டும் எங்களுக்குள்ள சின்ன சண்டை. நான் தண்ணி குழாய் இருக்கற வடக்குப் பக்கம் ஏணி வரட்டும்னேன், ஹோஸ் இழுக்க ஈஸி. மாமா தோள்ல இருந்த துண்டை எடுத்து ரெண்டு முனையையும் புடிச்சு ஒசத்திக் காட்டினாரு. 'காத்து தெக்கேர்ந்து வருது பாருங்க. நம்ம ஊர்ல பந்தல் போடறவன் காலு நடறதுக்கு முன்னாடி காத்து எப்படின்னுதான் பாப்பான்.' அவரு சொன்னது சரிதான், இங்க வெயில் காலத்துல பெரும்பாலும் தெக்குக் காத்துதான். 28 அடி நீளப் பக்கத்தை காத்துக்கு காட்டினா பாய்மரம் கட்டின மாதிரி, 11 அடி முதுகைக் காட்டினா பரவால்ல. அதோட தலை தெக்க இருந்தா வழியற தண்ணி வடக்க போகும், அங்கதான் வேலியோரமா ரோட்டுக்கு போற வடிகால் பள்ளம் இருக்கு. ப்ளோயர் காஞ்ச எடத்துல உக்காரும். ஹோஸ் மட்டும் எக்ஸ்ட்ரா ஒண்ணு வாங்க வேண்டியதாச்சு, சரி போகட்டும்னு விட்டுட்டேன். கெழக்க பாத்த பேக்யார்டுங்கறதால நாலு மணிக்கு மேல வீட்டு நெழல் விழ ஆரம்பிச்சுடும், அதனால பார்ட்டியே நாலுலேர்ந்து ஏழுன்னு வச்சோம். ஜூன் மாச வெயில்ல ரெண்டு மணிக்கு அந்த வினைல் மேல காலை வச்சா தோசைக்கல்லு.

காத்து விஷயத்துல நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளிதான், ஒத்துக்கறேன். 2021 டிசம்பர்ல ஆஸ்திரேலியால டாஸ்மேனியாவுல ஒரு ஸ்கூல்ல பவுன்சி காஸில், இதே மாதிரி காத்து ஊதி புள்ளைங்க குதிக்கறது, அது காத்துல தூக்கி ஆறு புள்ளைங்க செத்துப் போச்சு, அந்த நியூஸ் படிச்சதுலேர்ந்து எங்க இந்த ஐட்டத்தைப் பாத்தாலும் என் கண்ணு முதல்ல முளைக்குத்தான் போகும். ஒவ்வொரு வளையத்துலயும் கயிறு இருக்கா, கயிறு தளர்ந்திருக்கா, முளை ஆடுதா. ரெண்டு மூலைல மட்டும் கட்டிட்டு 'திஸ் இஸ் இனஃப்'னு சொல்ற ஆளா இருந்தா எறக்க விடாதீங்க. டெக்சாஸ்ல இதெல்லாம் அம்யூஸ்மென்ட் ரைடு கணக்குலதான் வருது, மாநில இன்சூரன்ஸ் டிபார்ட்மென்டுதான் பாத்துக்குது, அதனால இன்ஸ்பெக்ஷன் பேப்பர், இன்சூரன்ஸ் சர்டிபிகேட் ரெண்டையும் புக் பண்ணும்போதே கேட்டு வாங்கிக்கலாம், ஒழுங்கான கம்பெனி மூஞ்சி சுளிக்காம அனுப்பும். எங்களுக்கு வந்த பேப்பர்ல மணிக்கு 20 மைல் தாண்டினா எல்லாரையும் எறக்கிடணும்னு இருந்துச்சு. வெதர் ஆப்ல சாதாரண ஸ்பீடை பாக்காதீங்க, 'கஸ்ட்'னு ஒண்ணு தனியா போட்டிருப்பான், அதைப் பாருங்க. 12 மைல்னு காட்டற அன்னிக்கு திடீர்னு ஒரு வீசு 25ல வரும்.

இப்ப மெயின் பிரச்சனை, உள்ள எப்படி கொண்டு வர்றது. ஏசி நகராது. மாமா வீட்டுக்கு இன்னொரு பக்கம் போய் பாத்தாரு, அங்க கேட்டே கிடையாது, வெறும் மர வேலி. கொஞ்ச நேரம் தட்டி தட்டி பாத்துட்டு ஸ்க்ரூடிரைவர் கேட்டாரு. ரெண்டு இரும்பு தூணுக்கு நடுவுல இருக்கற எட்டு அடி வேலி மூணு குறுக்கு கட்டைல நிக்குது, கட்டை தூண்ல கிளாம்பு போட்டு ஸ்க்ரூ பண்ணியிருக்கு, அந்த ஸ்க்ரூவ எல்லாம் கழட்டினா பலகைங்களை ஒண்ணு ஒண்ணா பிடுங்காம மொத்தமா ஒரு கதவு மாதிரி எடுத்துடலாம். எனக்கு இந்த வீட்ல ஏழு வருஷம் இது தோணல. அந்தப் பக்கத்து வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி, அவங்க நாய் வெளிய வராம பாத்துக்கச் சொல்லி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேருமா கழட்டி சுவத்துல சாய்ச்சு வச்சோம். எச்ஓஏ, அதான் எங்க ஏரியா வீட்டுக்காரங்க சங்கம், அந்தக் காரன் பாத்தா லெட்டர் போடுவானோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறல்.

சனிக்கிழமை டிரெய்லர் வந்துச்சு. இந்த தடவை வேற கம்பெனி. எட்டு அடி ஓட்டை வழியா ஸ்லைடு ராஜா மாதிரி உள்ள போச்சு. கோலமாவு கோட்டைப் பாத்துட்டு அந்தப் பையன் 'யூ டிட் திஸ்?'னு கேட்டான், மாமா 'யெஸ் யெஸ், ஃபிஃப்டீன் ஃபீட் க்ளியரன்ஸ்'னு ஏதோ சொன்னாரு, ரெண்டு பேரும் கை குலுக்கிகிட்டாங்க.

எல்லாம் பிளான் பண்ணோம்ல, கரண்டையும் பண்ணோம். ப்ளோயர் ஒன்றரை ஹெச்பி, ஏறக்குறைய பத்து ஆம்ப் இழுக்கும், அது பார்ட்டி முடியற வரைக்கும் ஓடிகிட்டே இருக்கணும், ஏன்னா தையல் வழியா காத்து எப்பவும் கசிஞ்சுகிட்டேதான் இருக்கும், அதோட டிசைனே அப்படித்தான். பேட்டியோ, அதான் வீட்டுக்குப் பின்னாடி இருக்கற தளம், அங்க இருக்கற பிளக்கு எந்த பிரேக்கர்ல இருக்குன்னு வேக்யூம் கிளீனரை சொருகி ஒவ்வொரு பிரேக்கரா ஆஃப் பண்ணி கண்டுபிடிச்சோம், கராஜ்ல இருக்கற ஃப்ரீசரும் அதே லைன்ல இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது, அதை வேற பிளக்குக்கு மாத்தினோம். தடிமனான 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் கார்டு கம்பெனிக்காரனே கொண்டு வந்தான், நம்ம வீட்ல கிறிஸ்துமஸ் லைட்டுக்கு வச்சிருக்கற நூல் மாதிரி கார்டுல போட்டா சூடாயிடும். இவ்ளோ பண்ணிட்டு ஒரு விஷயத்தை மறந்துட்டோம், இதை வந்தவங்ககிட்ட சொல்லல. அஞ்சரை மணிக்கு ஒரு ஃப்ரெண்டோட வைஃப் நல்லெண்ணத்துல எல்லாருக்கும் காபி போடலாம்னு காபியைச் சூடா வச்சிருக்கற பெரிய கரண்டு பாத்திரம், காபி அர்னு, அதைக் கொண்டு வந்து பேட்டியோவுல பக்கத்து பிளக்குல சொருகிட்டாங்க, கூடவே பஜ்ஜி ஆறாம இருக்க வார்மிங் ட்ரே. அர்ன் மட்டுமே 1500 வாட்டு, பன்னெண்டு ஆம்புக்கு மேல. 20 ஆம்ப் லைன் எவ்ளோ நேரம் தாங்கும்?

ப்ளோயர் சத்தம் நின்னுச்சு. அதுவரைக்கும் அந்த சத்தம் இருந்ததே காதுல விழல, நின்னப்பதான் தெரிஞ்சுது. கோயில் யானை முன்னங்காலை மடக்கற மாதிரி ஸ்லைடோட தலை மெதுவா குனிய ஆரம்பிச்சுது. ஏணில ரெண்டு பேரு, மேல ஒருத்தி. அவ என் பொண்ணு. 'சறுக்கிடு, சறுக்கிடு'ன்னு நான் கத்த, அவ ஏதோ புது ரைடுன்னு நெனச்சுகிட்டு கைய தூக்கிட்டு சிரிச்சுகிட்டே வந்தா, ஏணில இருந்த ரெண்டு பசங்களையும் என் வைஃப் கைய போட்டு தூக்கிட்டா. ஒரு நிமிஷம் கூட ஆகல, ஆனா எனக்கு வேர்த்துடுச்சு. ஒருத்தர் ஸ்லைடு பக்கத்துலயே நிக்கணும்னு கம்பெனிக்காரன் ஏன் அவ்ளோ அழுத்தி சொன்னான்னு அப்ப புரிஞ்சுது. அர்ன் கிச்சனுக்கு போச்சு, பிளக்கு மேல மாமா மாஸ்கிங் டேப் ஒட்டி தமிழ்ல 'தொடாதே'ன்னு எழுதினாரு, அங்க வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு தமிழ் படிக்கத் தெரியாது.

தண்ணிதான் மாமாவுக்கு கடைசி வரைக்கும் உறுத்தல். முதல் நாளே அஞ்சு கேலன் பக்கெட்டை ஹோஸுக்கு கீழ வச்சு வாட்சுல டைம் பாத்தாரு, 45 செகண்டுல ரொம்பிடுச்சு. மூணு மணி நேரம் முழுசா தொறந்து விட்டா 1200 கேலன், நாலாயிரத்து ஐநூறு லிட்டர். கே.கே. நகர்ல லாரித் தண்ணிக்கு குடத்தோட நின்ன மனுஷன், அந்தக் கணக்கை பேப்பர்ல எழுதி என்கிட்ட நீட்டினாரு. குழாயைப் பாதி மூடினாலும் ஸ்லைடு நல்லாவே வழுக்குச்சு, அப்படியே விட்டோம். வழிஞ்ச தண்ணில கொஞ்சத்தையாவது ஓக் மரத்துக்கு திருப்பணும்னு மண்வெட்டி கேட்டாரு, மரம் மேட்டுல தெக்க இருக்கு மாமா, தண்ணி ஏறாதுன்னேன். முடிஞ்சப்புறம் கீழ இருந்த குட்டைத் தண்ணிய பக்கெட்ல மொண்டு மொண்டு மரத்துக்கு ஊத்தினாரு, ரெண்டு பொடிசுங்களும் கூட சேந்துகிச்சு, ஸ்லைடை விட அதுல குஷி.

வேலியை ஞாயித்துக்கிழமை மாட்டிட்டோம், ரெண்டு ஸ்க்ரூ மிச்சமாயிடுச்சு, எப்படின்னு தெரியல. எச்ஓஏ லெட்டர் வரல.

புல்லுல மட்டும் ஸ்லைடு இருந்த எடம் அப்படியே மஞ்சளா நின்னுச்சு. மூணு மணி நேரம் வினைலுக்கு அடில வெந்தா வேற என்ன ஆகும், பெர்முடா புல்லு கெட்டி உசுரு, மூணு வாரத்துல பச்சை திரும்பிடுச்சு. அதுக்குள்ள மாமா ஊருக்கு கெளம்பிட்டாரு. நான் மாடி ஜன்னல்லேர்ந்து எடுத்து வச்சிருந்த அந்த மஞ்சள் கட்டத்தோட போட்டோவை வாட்ஸப்ல அனுப்பினேன், ஓரத்துல கோலமாவு கோடு இன்னும் லேசா தெரிஞ்சுது. ராத்திரி பதில் வந்துச்சு, வாய்ஸ் மெசேஜ், பின்னாடி குக்கர் விசில் சத்தம்.

'மாப்ள, நல்லா பாருங்க, நம்ம கோட்டுலேர்ந்து ஒரு அடி தெக்க தள்ளிப் போட்டிருக்கான் அந்தப் பையன்.'